பாப் ஸ்மியரில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’: காத்திருப்பதா, எச்.பி.வி. பார்ப்பதா, நேரே கால்போஸ்கோப்பியா?

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனையின் ரிப்போர்ட்டில் ‘ஏ.எஸ்.சி.-யு.எஸ்.’ என்று பார்த்ததுமே புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டாள் என் அக்கா. உண்மையில் கர்ப்பப்பை வாய் செல்கள் கொஞ்சம் மாறித் தெரிகின்றன, காரணம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான் அதற்குப் பொருள். பாப் ஸ்மியர் கோளாறுகளில் அதிகம் வருவதும் இதுதான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு பதில் கிடைத்தது.

ஒரு வருஷம் விட்டு மறுபடி பாப் ஸ்மியர் எடுப்பது சோம்பேறி யோசனை இல்லை. எச்.பி.வி. என்பது உடலுறவில் பரவி, இந்த செல்களை மாற்றக்கூடிய வைரஸ்; அந்தத் தொற்று பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதையே முதலில் சொல்கிறார்கள். அக்காவுக்கோ 38. அதோடு, ‘அடுத்த வருஷம்’ என்பது பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் கண் ஆபரேஷன் என்று எங்கள் வீட்டில் எப்படித் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும்.

என் ஓட்டு எச்.பி.வி. சோதனைக்கு. செல்லின் தோற்றத்தை வைத்து ஊகிக்காமல், வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்றே பார்க்கிறது. நெகட்டிவ் என்றால் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் போதும் என்கிறது ‘2019’ என்று பெயரிட்ட அமெரிக்க வழிகாட்டுதல். பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயை லென்ஸில் பெரிதாக்கிப் பார்ப்பது. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் சுமார் 70 சதவீதத்துக்கு எச்.பி.வி.யின் 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம் என்பதால், எந்த வகை என்பதையும் கேளுங்கள். முதல் மாதிரியைத் திரவத்தில் எடுத்திருந்தால், மிச்சத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். கண்ணாடிச் சில்லில் தடவியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். பாசிட்டிவ் என்றதும் கணவரைச் சந்தேகிக்கவும் வேண்டாம். வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும்.

கால்போஸ்கோப்பியில் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவி, பெரிதாக்கும் லென்ஸில் பார்ப்பார்கள். வெளுத்துத் தெரியும் இடத்தில் சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கு கிள்ளி பயாப்சிக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் எரியும், ஓரிரு நாள் லேசான கசிவு இருக்கும். எச்.பி.வி. நெகட்டிவான ஏ.எஸ்.சி.-யு.எஸ்.-க்கு இது வீண் அலைச்சல். ஆனால் ரிப்போர்ட்டில் ‘எச்.எஸ்.ஐ.எல்.’ (செல் மாற்றம் தீவிரம்) என்றிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை, தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

திரும்பி வருவதே கஷ்டம் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வில் செவிலியர்களே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே கால்போஸ்கோப்பி செய்து, கோளாறான இடத்தை உறைய வைக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 2007-இல் வெளியானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வரும் சாவு அங்கே 35 சதவீதம் குறைந்திருந்தது. பஸ் ஏறி மூன்று தடவை வர முடியாதவருக்கு நான் சொன்ன எச்.பி.வி. வழியைவிட இது மேல்.

அக்கா எச்.பி.வி.தான் எடுத்தாள். நெகட்டிவ். மூன்று வருஷம் கழித்து வரும் தேதியை என் போனில் போட்டு வைத்திருக்கிறேன், அவளை நம்ப முடியாது.