மண்டபமா, லயத்து வாசலா?

என் மாயாஜால நாவலை வாசகரிடம் கொண்டுபோக இரண்டு வழி இருந்தது: இலங்கை மலையகத்து ஹட்டனில் மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா, அல்லது ஞாயிறு மாலை லயத்து வாசலில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின் முன்னால், வாசிப்பு.

விழாவில் பொன்னாடை, உரைகள், கையெழுத்து. பிரதிகள் விற்கும், சரி. கேள்வி கேட்பதற்குள் பாதிப்பேர் கடைசி பஸ்ஸுக்கு எழுந்துவிடுவார்கள்.

லயத்தில் விற்பனை சொற்பம், தேத்தண்ணிக்குத்தான் குறைவில்லை. ஆனால் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து மீள்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மாயத்தை விளக்கவே வேண்டாம். 2,243 மீட்டர் உயரச் சிவனொளிபாதமலையைச் சுற்றிப் பறக்கும் நாகத்தைப் பற்றி வாசித்ததும், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "மழையில அது எங்க ஒதுங்கும் தம்பி?"

எனக்கு லயம்தான். இரண்டாம் பாகத்தில் நாகத்துக்கு ஒரு குகை வைத்திருக்கிறேன்.