ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு: 1,499 ரூபாய் 'அற்புத' கோர்ஸ்

இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கும், நபிகள் நாயகம் காலத்தில் சந்திரன் பிளந்தது என்பதற்கும் உள்ள சரித்திரச் சான்றுகளை அருகருகே வைத்துக் காட்டுவோம், நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று விளம்பரம் வந்தது. ஆறு பகுதி, ஒன்பது மணி நேரம், 1,499 ரூபாய். எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவன் நாகர்கோவில் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவன், ஒருவன் காயல்பட்டினம் முஸ்லிம், நான் ரெண்டிலும் இல்லாதவன். ஆளுக்கு ஐந்நூறு போட்டு வாங்கினோம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

முதலில் சின்னக் குறை. தமிழ் சப்டைட்டில் உண்டு என்றார்கள், அது மெஷின் போட்டது. மாற்கு நற்செய்தியின் 16ஆம் அதிகாரம் (Mark 16) வரும் இடமெல்லாம் 'மதிப்பெண் 16'. அப்போஸ்தலர் நடபடிகள் (Acts) 'சட்டங்கள்'. நபித்தோழர்கள் (Companions) ஓரிடத்தில் 'கம்பெனிகள்' ஆகிவிட்டார்கள். இரண்டாம் நாளே அணைத்துவிட்டோம்.

முதல் பகுதி அற்புதம் என்றால் என்ன என்ற விளக்கம், தாண்டிப் போகலாம். இரண்டாவது சுவடிகள் பற்றியது, படங்கள் அருமை. ஆரம்பகாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலின் கடிதங்கள் அடங்கிய பி46 என்ற பாப்பிரஸ் சுவடி, சுமார் கி.பி. 200ஐச் சேர்ந்தது, கிடைத்த 86 ஏடுகளில் 56 டப்ளினிலும் 30 மிச்சிகனிலும் இருக்கின்றன. இந்தப் பக்கம் பர்மிங்ஹாம் குர்ஆன் ஏடுகள், அவை எழுதிய தோலின் வயது கார்பன் கணக்குப்படி கி.பி. 568க்கும் 645க்கும் இடையில். எல்லாம் சரி, ஆனால் புதிய ஏற்பாட்டுக்கு 5,800 கிரேக்கச் சுவடி இருக்கிறது என்று நடத்துபவர் நாலு தடவை சொல்கிறார். அதில் பெரும்பாலானவை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு எழுதியவை என்பதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதைவிட முக்கியம், நகல் எத்தனை இருந்தாலும் எழுதினது மாறாமல் வந்ததா என்பதைத்தான் அது காட்டும், எழுதினது நடந்ததா என்பது வேறு வழக்கு. பர்மிங்ஹாம் ஏடுகளுக்கும் இதே கதைதான், அதில் இருப்பது 18 முதல் 20 வரையான சூராக்களின் (அத்தியாயங்களின்) பகுதிகள், சந்திரன் பற்றிய 54ஆவது சூரா அங்கே இல்லவே இல்லை.

காசு கொடுத்ததற்கு அர்த்தம் மூன்றாம் பகுதியில்தான் கிடைத்தது. மனிதர் வியாக்கியானத்தை நிறுத்திவிட்டு மூல வரிகளை எடுத்து மெதுவாகப் படிக்கிறார். 1 கொரிந்தியர் 15: உயிர்த்தெழுந்தவர் கேபாவுக்கு (அதாவது பேதுருவுக்கு) தரிசனமானார், பன்னிருவருக்கு, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்கு, யாக்கோபுக்கு, கடைசியில் எனக்கும் என்கிறார் பவுல். கடிதம் 50களின் நடுவில் எழுதியது, சிலுவை மரணம் 30 அல்லது 33, ஆக இருபது வருஷச் சொச்சம். 'நான் பெற்றுக்கொண்டதை ஒப்புவித்தேன்' என்று சொல்வதால் பட்டியல் இன்னும் பழையது. கலாத்தியர் கடிதத்தில் எருசலேமில் பேதுருவோடு 15 நாள் தங்கினேன், யாக்கோபையும் பார்த்தேன் என்கிறார், அதாவது பட்டியலில் உள்ள ஆட்களிடம் நேரில் பேசியவர். இது பலமான இடம், காயல்பட்டினத்தானும் தலையாட்டினான். பலவீனத்தையும் ஆசிரியர் மறைக்கவில்லை. ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் பெயரில்லை, ஊரில்லை. மத்தேயுவில் சீடர்கள் அவரைப் பார்ப்பது கலிலேயாவில், லூக்காவில் எருசலேமில். நாலாம் நூற்றாண்டு சினாய், வத்திக்கான் சுவடிகளில் மாற்கு 16:8லேயே நின்றுவிடுகிறது, பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு.

நாலாம் பகுதியில்தான் வெண்ணெயும் சுண்ணாம்பும். நபிமொழிகளைத் தொகுத்த புகாரி இறந்தது 870ல், ஆகவே சந்திரன் பிளந்த செய்திக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி என்கிறார். அட, பவுலுக்கு மட்டும் கடிதத்துக்குள் இருக்கும் பழைய செய்தியின் வயதைக் கணக்கிட்டாயே, இங்கே ஏன் தொகுத்தவரின் வயதைக் கணக்கிடுகிறாய்? 'நேரம் நெருங்கிவிட்டது, சந்திரனும் பிளந்துவிட்டது' என்பது 54ஆம் சூராவின் முதல் வசனம், நபிகள் உயிரோடு இருந்தபோதே ஓதப்பட்டது. அதே அளவுகோலை வைத்தால் இடைவெளி பவுலைவிடக் குறைவு.

அதற்காக இந்தப் பக்கம் ஜெயித்துவிட்டது என்றும் நான் சொல்ல வரவில்லை. காயல்பட்டினத்தான் மதரஸாவில் படித்தவன், கோர்ஸில் சொல்லாததை அவன்தான் சொன்னான். அந்தச் செய்தியைச் சொன்ன நபித்தோழர்களில் இப்னு மஸ்ஊத் நேரில் பார்த்தேன் என்பவர். ஆனால் அனஸ் அப்போது மதீனாவில் சின்னப் பையன், இப்னு அப்பாஸ் கைக்குழந்தையாகவோ பிறக்காமலோ இருந்திருப்பார், அவர்கள் யாரிடமோ கேட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வசனம் மறுமையில் நடக்கப்போவதைச் சொல்கிறது என்ற சிறுபான்மைக் கருத்தும் பழைய தஃப்ஸீர்களில் (குர்ஆன் விளக்க நூல்களில்) பதிவாகியிருக்கிறது. நபிகளுக்கு ஏன் அத்தாட்சிகள் இறங்கவில்லை என்று மக்கள் கேட்டதாகவும், வேதமே போதாதா என்று பதில் வந்ததாகவும் 29ஆம் சூராவில் இருக்கிறது. சந்திரனே பிளந்திருந்தால் அந்தக் கேள்வி எதற்கு? அவனிடம் இதற்குப் பதில் இருந்தது, ராத்திரி ரெண்டு மணி வரை போனது, அது வேறு.

சந்திரன் பிளந்தால் உலகமே பார்த்திருக்குமே, வானத்தை உன்னிப்பாகக் குறித்துவைத்த சீனர்கள் ஏன் எழுதவில்லை என்கிறார் ஆசிரியர். நியாயமான கேள்வி. அப்படியானால் மத்தேயு 27ல் கல்லறைகள் திறந்து பரிசுத்தவான்கள் பலர் எழுந்து நகரத்துக்குள் போய் அநேகருக்குக் காணப்பட்டார்களே, அதை மாற்கு, லூக்கா, யோவான் மூவருமே எழுதவில்லையே? ஒன்பது மணி நேரத்தில் அந்த இரண்டு வசனத்துக்கு ஒரு நிமிஷம் இல்லை. நாகர்கோவில்காரனுக்கே சங்கடமாகிவிட்டது.

ஐந்தாம் பகுதி வாட்ஸ்அப் சான்றுகள், ஜாலியாகப் போகிறது. அப்போலோ 10 எடுத்த நிலவுப் பள்ளத்தின் படம், சுமார் 300 கிலோமீட்டர் நீளம், பிளந்ததன் தழும்பு என்று சுற்றுவது. நிலா இரண்டாகப் பிளந்து சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நாசா தரப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தப் பக்கம் இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் டூரின் சவத்துணி, 1988ல் மூன்று ஆய்வகங்கள் பார்த்த கார்பன் கணக்கில் 1260 முதல் 1390க்குள் வந்தது. ரெண்டு பேருக்கும் சமமாக அடி, இங்கே பாரபட்சம் இல்லை. சந்திரன் பிளந்ததைப் பார்த்து கேரள மன்னர் சேரமான் பெருமாள் அரேபியா போன கதையையும் எடுத்து உடைக்கிறார். ஆனால் 16ஆம் நூற்றாண்டிலேயே மலபார் ஆலிம் (மார்க்க அறிஞர்) ஜைனுத்தீன் மக்தூம், அந்த மன்னர் நபிகள் காலத்தவர் என்பதில் உண்மை இல்லை என்று எழுதிவிட்டார் என்பது இவருக்குத் தெரியவில்லை. நம் பெரிய புராணத்தில் சேரமான் பெருமாள் சுந்தரரோடு கயிலாயம் போகிறார், பாவம், எத்தனை இடத்துக்குத்தான் போவார்!

ஆறாம் பகுதி தீர்ப்பு. சிலுவை மரணத்துக்கு ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் உட்பட வெளிச் சான்று உண்டு, குர்ஆன் 4:157 அதை மறுக்கிறது, ஆகவே கிறிஸ்தவம் முன்னால் என்கிறார். ரோமர்கள் ஒருவரைச் சிலுவையில் கொன்றது அற்புதமே இல்லையே சாமி, அந்தப் பலத்தை அப்படியே உயிர்த்தெழுதலுக்கு மாற்றிக் கணக்கு எழுதினால் எப்படி?

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். மூன்றாம் பகுதியை மட்டும் தனியாக நானூறு ரூபாய்க்கு விற்றால் யோசிக்காமல் வாங்கலாம். மத்தேயு 27 பற்றி கேள்வி பதில் பகுதியில் போட்டிருந்தேன், பன்னிரண்டு நாள் கழித்து, நல்ல கேள்வி, எங்கள் அடுத்த கோர்ஸில் பேசுகிறோம் என்று பதில் வந்தது, கூடவே இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும்.