பழைய 520டி: கம்பெனி சர்வீஸா, வெளி ஷெட்டா?

பழைய சொகுசு செடான் வாங்குவது பற்றி யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வாங்கிய பிறகு வண்டியை எங்கே விடப் போகிறீர்கள்? நிறம், இருக்கைத் தோல், எத்தனையாவது உரிமையாளர் என்று எல்லாவற்றையும் அலசியவர்கள்கூட இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறார்கள். இதற்கு விடை கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

நான் 2022 டிசம்பரில் வாங்கியது 2013-இல் பதிவான பிஎம்டபிள்யூ 520டி. எஃப்10 (அந்தத் தலைமுறை 5 சீரிஸின் குறிப்பெயர்), 1995 சிசி டீசல் என்ஜின், 184 குதிரைத்திறன், எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வாங்கும்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 1,34,000. மாதம் ஒருமுறையாவது சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்வருகிறேன். மீதியெல்லாம் நகர ஓட்டம். இந்த இடைவெளியில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையத்துக்கும் போயிருக்கிறேன். ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு வெளி ஷெட்டுக்கும் போயிருக்கிறேன். என் சாய்வு வெளி ஷெட்டின் பக்கம். ஆனால் அது எல்லா வேலைக்கும் பொருந்தாது. எங்கே பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கழற்றிய பாகம் தேடுவது. கண்ணாடி மூடி, கதவுக் கைப்பிடி, பின்விளக்கு போன்றவற்றுக்குப் புதுப்பேட்டை நல்ல இடம். நானும் அங்கே வலப்பக்கக் கண்ணாடியின் உறை வாங்கியிருக்கிறேன். ஓடும் பாகங்களுக்கு வேண்டாம். இந்தத் தலைமுறைக் கார்களில் கணினியை இணைக்காமல் பேட்டரியைக்கூட ஒழுங்காக மாற்ற முடியாது. அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன், பின்னால் வருகிறது.

எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கம்பெனி சர்வீஸில் கூலி அதிகம், வெளியே குறைவு. கம்பெனியில் வண்டியை வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார்கள், கழுவித் தருவார்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. வெளி ஷெட்டில் தூசியில் நிற்க வேண்டும். ஆனால் வண்டியைத் தூக்கி வைத்து வேலை செய்பவரின் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை அந்த ஒன்றுக்காகவே தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உண்மையான வேறுபாடு பணத்தில் இல்லை. யாருடைய அட்டவணைப்படி வண்டியைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

வாங்கிய சில மாதங்களில், சிக்னலை நெருங்கி வேகம் குறையும்போது இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்குகையில் ஒரு சிறு உதைப்பு வந்தது. பின்னிருக்கையில் இருப்பவருக்குத் தெரியாது, ஓட்டுபவருக்குத் தெரியும். கம்பெனி சர்வீஸில் சொன்னேன். ஆலோசகர் பொறுமையாகக் கேட்டு, ஓட்டிப் பார்த்து, கணினியில் பிழைக்குறி எதுவும் இல்லை என்றார். கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றலாமா என்று கேட்டேன். அது வண்டியின் ஆயுள் முழுவதுக்குமானது, சர்வீஸ் அட்டவணையில் அப்படி ஒரு வேலையே கிடையாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கார் நிறுவனம் அந்த எண்ணெயை ஆயுட்கால எண்ணெய் என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது.

ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்தது கார் நிறுவனம் அல்ல, ஜெர்மனியின் இசட்எஃப். அந்த நிறுவனம் தன் எட்டு வேகப் பெட்டிகளுக்கு, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. என் வண்டி அப்போது 1,04,000 கிலோமீட்டர், பத்து வயது. இரண்டு கணக்கிலும் காலம் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் பழைய வண்டி வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். "ஆயுள்" என்றால் யாருடைய ஆயுள்? புதிதாக வாங்கி, வாரண்டி முடிகிற காலத்தில் விற்றுவிடும் முதல் உரிமையாளருக்கு அந்த எண்ணெய் ஆயுளுக்கும் போதும்தான். அவர் விற்ற இடத்தில் நாம் தொடங்குகிறோம். முதல் உரிமையாளரை மனதில் வைத்து எழுதிய அட்டவணையைப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத வேலை தேவையில்லை என்று இரண்டாம் உரிமையாளர் நினைத்தால், ஒரு நாள் எண்ணெய்க்குப் பதில் கியர்பாக்ஸுக்கே விலை கேட்க நேரும்.

வெளி ஷெட்டில் அந்த வேலை நடந்ததை அருகில் நின்று பார்த்தேன். இந்தப் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. அடித்தட்டு பிளாஸ்டிக், வடிகட்டி அதோடு சேர்ந்தே வருவதால் தட்டையே மாற்ற வேண்டும். தட்டின் உள்ளே இருக்கும் காந்தங்களில் கரும்பசை போல உலோகத்தூள் படிந்திருந்தது. புதிய எண்ணெய் பச்சை நிறம். வடித்தது நிறம் சொல்ல முடியாத அழுக்கு. முழுவதும் வெளியே வந்துவிடாது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் ஒரு பகுதி தங்கிவிடும். அதன் பிறகுதான் கவனமாகச் செய்ய வேண்டிய கட்டம். வண்டி சமமட்டத்தில் நிற்க வேண்டும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெயின் வெப்பம் சுமார் 40 டிகிரியில் இருக்கும்போது நிரப்பும் துளையில் மெல்லிய இழையாக வழியவிட்டு மூட வேண்டும். கணினியில் வெப்பத்தைப் பார்த்தபடி ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், ஒருவர் அடியில். கண்மதிப்பில் ஊற்றினால் அளவு தவறிவிடும். அளவு தவறினால் மாற்றாமல் விட்டதைவிடக் கேடு.

மாற்றிய இரண்டு வாரத்தில் உதைப்பு ஏறக்குறைய மறைந்தது. முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். காலையில் முதல் சில நிமிடங்களில் எப்போதாவது வரும். ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸை எண்ணெய் மாற்றிக் காப்பாற்றிவிடலாம் என்று இதை வைத்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். என்னுடையது தொடக்கநிலை.

இதே கணக்கு என்ஜின் எண்ணெய்க்கும் பொருந்தும். திரையில் காட்டும் இடைவெளி நீளமானது. நான் அதைப் பார்ப்பதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுகிறேன். 5.2 லிட்டர் பிடிக்கும். அடர்த்திக் குறி 5டபிள்யூ-30, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 தரம் என்று புட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும். இந்த என்ஜினில் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் சங்கிலி பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற வேண்டி வந்தால் கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்காமல் கைவைக்க முடியாது; பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாகிவிடும். நல்ல எண்ணெயை அடிக்கடி மாற்றுவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாத செலவு. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது பின்பக்கத்திலிருந்து சரசரவென்று சங்கிலி உரசும் ஒலி வருகிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

உதிரிபாகத்திலும் ஷெட்டின் கை ஓங்குகிறது, ஒரு நிபந்தனையோடு. பிரேக் போடும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையில், அதிர்வைத் தாங்க இருக்கும் ரப்பர் புஷ்ஷில் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே திரவம் நிரம்பிய வகை, வெடித்தால் கசியும். நம் சாலைகளின் வேகத்தடைகளுக்கும் பள்ளங்களுக்கும் பத்து வயது ரப்பர் தாங்காது; இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாற்றாக வந்தது லெம்ஃபோர்டர் பெட்டி. லெம்ஃபோர்டர் என்பது கியர்பாக்ஸ் செய்த அதே இசட்எஃப் குழுமத்தின் பெயர்தான். பாகத்தில் கார் நிறுவனத்தின் சின்னம் இருக்க வேண்டிய இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. விலை வேறு, இரும்பும் ரப்பரும் ஒன்று. வடிகட்டிக்கு மான், மாலே, டீசல் தெளிப்பு அமைப்புக்கு பாஷ் என்று ஒவ்வொன்றுக்கும் மூல உற்பத்தியாளரின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கார் நிறுவனத்தின் சின்னம் போட்ட அட்டைப்பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலையைத் தவிர்த்துவிடலாம்.

நிபந்தனை என்னவென்றால் போலி. அதே பெயர், அதே நிறப் பெட்டி, உள்ளே வேறு சரக்கு. பாகத்தின் ரசீது ஷெட்டின் பெயரில் அல்லாமல் விற்பனையாளரின் பெயரில் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறேன். தயங்கினால் அந்தப் பாகம் வேண்டாம். கம்பெனி சர்வீஸில் இந்தக் கவலை அறவே இல்லை. கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்த நிம்மதிக்கு என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

அந்தப் புஷ் வேலையில்தான் என் மெக்கானிக்கின்மேல் எனக்கு நம்பிக்கை முழுதாக வந்தது. வண்டி தூக்கியில் தொங்கும்போது போல்ட்டுகளை அவர் கடைசிவரை முடுக்கவில்லை. இறக்கி, சக்கரங்களில் வண்டியின் எடை உட்கார்ந்த பிறகுதான் முடுக்கினார். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கேட்காமலே அதைச் செய்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி, கம்பெனிக்குத்தான் போக வேண்டிய இடங்கள். முதலாவது, திரும்ப அழைப்புகள். 2018-இல் தென்கொரியாவில் 520டி உள்ளிட்ட பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் பல தீப்பற்றியதைத் தொடர்ந்து அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பிறகு அது பல நாடுகளுக்கும் விரிந்து 16 லட்சம் அளவை எட்டியது. காரணம் இஜிஆர் கூலரில் (புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்கே அனுப்புமுன் குளிர்விக்கும் பாகம்) கசியும் குளிர்விப்பு நீர், கரியோடு சேர்ந்து படிவது. எந்த வெளி ஷெட்டும் உங்கள் வண்டிக்கு இப்படி ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல முடியாது. ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் கம்பெனியில் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். பாக்கி இருந்தால் பாகமும் கூலியும் இலவசம். வாங்கிய முதல் வாரத்தில் நான் செய்த முதல் வேலை இது; பாக்கி எதுவும் இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அப்படியும் குளிர்விப்பு நீர் குறைகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். தரையில் சொட்டு இல்லாமல் நீர் மட்டும் குறைந்தால் உடனே காட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கக் கூடாது.

இரண்டாவது ஏர்பேக், மூன்றாவது புதிய சாவி, மென்பொருள். இவற்றில் பணம் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. நீட்டித்த வாரண்டி உள்ள வண்டி என்றால் கேள்வியே இல்லை, அது முடியும்வரை கம்பெனிதான்.

பேட்டரிக் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பவில்லை. வீட்டுக்கே வந்து மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பேட்டரி கடையை அழைத்தேன். பின்பெட்டியின் வலப்பக்கம் இருக்கும் பேட்டரியைக் கழற்றி, புதியதை வைத்து, பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். இந்த வண்டி பேட்டரியின் வயதுக்கேற்ப மின்னேற்றும். புதியது வைத்தால் கணினி வழியே அதைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் செய்யவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. மூன்று மாதத்தில் திரையில் மின்னேற்றம் குறைவு என்ற எச்சரிக்கை வரத் தொடங்கியது. ஷெட்டில் ஐந்து நிமிடத்தில் பதிவு செய்தார்கள். ஆனாலும் அந்தப் பேட்டரி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பதிவு செய்யாததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இப்போது பேட்டரி என்றால் கணினி உள்ள இடத்தில் மட்டும்தான்.

மறுவிற்பனையில் கம்பெனி முத்திரைக்கு மதிப்பு உண்டு என்பார்கள். ஐந்து வயது வண்டிக்கு உண்மை. பன்னிரண்டு வயது வண்டியை மூன்றாவது கைக்கு விற்கும்போது, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய ரசீதைக் காட்டினால்தான் வாங்குபவரின் முகம் மாறும் என்று நம்புகிறேன். நான் இன்னும் விற்கவில்லை, அதனால் நம்பிக்கை என்றே சொல்கிறேன். பெட்ரோல் என்ஜின் வண்டிகளுக்கும், ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய செடான்களுக்கும் என் அனுபவம் போதாது. அவற்றை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

ஷெட்டைத் தேர்ந்தெடுக்க நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தப் பெட்டியில் கியர் எண்ணெய் அளவை எப்படிப் பார்ப்பீர்கள்?" மூன்று இடங்களில் கேட்டேன். ஒருவர், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்றார். இன்னொருவர் வடித்த அளவுக்கே ஊற்றிவிடுவோம் என்றார். மூன்றாமவர், "வண்டி சூடாக இருந்தால் இன்று முடியாது சார், காலையில் குளிர்ந்த வண்டியைக் கொண்டுவாருங்கள்" என்றார். அவரிடம்தான் இப்போதும் விடுகிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் திரவத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.