அடுப்படி ஜெபமா, நேர ஜெபமா?

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பகுதிகளின் பழைய கிறிஸ்தவ மரபான கெல்டிக் முறையில் தினமும் ஜெபிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பெயரில் இரண்டு வேறு வழக்கங்கள் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஒன்று, ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுக் குடும்பங்கள் வேலையோடு வேலையாகச் சொன்ன ஜெபம். மற்றது, வடகிழக்கு இங்கிலாந்தின் நார்த்தம்பிரியா சமூகம் என்ற கிறிஸ்தவக் குழுவினர் இன்று குறித்த வேளைகளில் சொல்லும் நேர ஜெபம்.

தீவு ஜெபங்களை 19-ம் நூற்றாண்டில் வீடு வீடாகக் கேட்டு எழுதியவர் அலெக்சாண்டர் கார்மைக்கேல் என்ற கலால் அதிகாரி. பால் கறக்க, தறியில் உட்கார, படுக்கப் போக, எல்லாவற்றுக்கும் கேலிக் மொழியில் ஒரு ஜெபம் இருந்தது. என் மனதைப் பறித்தது இரவில் அடுப்பை மூடும் ஜெபம். தணலை வட்டமாகப் பரப்பி மூன்று பங்காகப் பிரிப்பார்கள். பங்குகளுக்கு நடுவே, எரிக்க வெட்டிக் காயவைத்த சதுப்புமண் கட்டிகள் மூன்று: ஒன்று வாழ்வின் கடவுள் பெயரால், அடுத்தது சமாதானத்தின் கடவுள் பெயரால், கடைசி கிருபையின் கடவுள் பெயரால். மேலே சாம்பல். விடியும்வரை நீறு பூத்த நெருப்பாக அது கிடக்கும். காலையில் கிளறி எழுப்ப வேறொரு ஜெபம். ஜெபத்துக்கென்று தனியாக நேரம் தேட வேண்டியதே இல்லை.

ஆனால் வேலை போனால் ஜெபமும் போய்விடும். நம் வீட்டு கேஸ் அடுப்பைத் திருகினால் நெருப்பு அணைந்துவிடுகிறது, அவ்வளவுதான். கார்மைக்கேல் வரிகளைச் செப்பனிட்டுத்தான் அச்சிட்டார் என்ற விமர்சனமும் உண்டு.

நேர ஜெபத்துக்கு அடுப்பும் மாடும் வேண்டாம். காலை, நண்பகல், மாலை என மூன்று. இரவுக்குக் கிழமைக்கு ஒன்றாக ஏழு. காலை ஜெபம் 27-ம் சங்கீதத்தின் ‘ஒன்றை நான் கேட்டேன்’ என்ற விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அமைப்பு இந்தக் காலத்தது என்றாலும் சங்கீதத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் பழையது. 635-ல் ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவிலிருந்து வடகிழக்கு இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் தீவுக்கு வந்த துறவி எய்டன், தன்னோடு நடந்தவர்களை வழியிலேயே வேதம் வாசிக்கவோ சங்கீதம் கற்கவோ வைத்தார் என்று பழைய ஆங்கில வரலாற்றாசிரியரான துறவி பீட் எழுதியிருக்கிறார்.

1938-ல் ஜார்ஜ் மெக்லாயிட் தொடங்கிய ஐயோனா சமூகத்திலும் தினசரி ஜெபம் ஒரு விதி. ஆனால் அங்கே உறுப்பினர்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்ல வேண்டும். தனியாக ஜெபிக்கிறவருக்கு அது பொருந்தாது.

தொடங்கித் தொடங்கி விட்டுவிடுகிறவர்களுக்கு நான் நேர ஜெபத்தையே சொல்வேன். மனம் வறண்ட நாளில் சொந்தமாக வார்த்தை வராது, அப்போது எழுதிவைத்த வரி தாங்கும். அது பழகிய அப்புறம் தினமும் செய்யும் ஒரு வேலையோடு ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம். நான் இரவில் சமையலறை விளக்கை அணைக்கும்போது அந்த மூன்று பெயர்களையும் சொல்கிறேன்.