சித்திரையில் இழுத்த புகைபோக்கி ஐப்பசியில் ஏன் மக்கர் பண்ணுகிறது?

கொடி அடுப்போடு (பக்கத்தில் இன்னொரு பானை வைக்கும் இரண்டாவது வாய்) 4 அங்குலப் புகைபோக்கி வைத்த விறகடுப்பு கோடையில் சமர்த்தாக எரியும். அதே அடுப்பு ஐப்பசி அடைமழையில் கண்ணைக் கரிக்க வைக்கும். உடனே அடுப்பு கட்டியவரைத் திட்டுவதுதான் வழக்கம். சில மழைக்காலம் ஓட்டிய அடுப்புகளில் பழுது பெரும்பாலும் மண்ணிலோ செங்கல்லிலோ இருப்பதில்லை, இழுவையில்தான் இருக்கிறது.

குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசு, வெளிக்காற்று கனம். அந்த வித்தியாசம்தான் இழுவை. வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் சராசரி 150 டிகிரி, உயரம் 10 அடி என்றால் கிடைப்பது சுமார் 10 பாஸ்கல், அதாவது ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். இவ்வளவு பூஞ்சையான விசையை எதுவும் தோற்கடித்துவிடும். மெத்தை வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், புகைபோக்கி வழியாகவே காற்று உள்ளே இறங்கும். ஃபேனை நிறுத்தி, அடுப்புப் பக்கத்து ஜன்னலை ஒரு சாண் திறந்து பாருங்கள். பல வீடுகளில் கதை அதோடு முடிந்துவிடும்.

கணக்குப்படி மழைக் குளிரில் இழுவை கூடத்தான் வேண்டும். நடப்பது தலைகீழ், காரணம் விறகு. தென்னை மட்டை வெயிலில் அருமையாகப் பற்றும், மழையில் பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும். அந்த ஈரத்தை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடுவதால் குழாய்க்கு ஆறின புகைதான் வந்து சேரும். 150 டிகிரி 90க்கு இறங்கினால் இழுவையில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. ஆறின புகை குழாயின் உள்சுவரில் தார் மாதிரி படியும், குழாய் குறுகும், இழுவை இன்னும் குறையும். சவுக்கோ கருவேலமோ, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து புரட்டாசிக்குள் தாழ்வாரத்தில் அடுக்கிவிட வேண்டும். மட்டையைப் பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி விடியலில் குழாய் ஜில்லென்று இருக்கும். அடுப்பு வாயில் ஊதுபத்தியைக் காட்டினால், புகை உள்ளே போகாமல் முகத்துக்கே வரும். குழாயின் அடியில் கரி வாரும் வாயைத் திறந்து, காய்ந்த பன்னாடை ஒரு கைப்பிடி கொளுத்திப் போட்டு மூடுங்கள். குழாய் சூடேறி ஊதுபத்திப் புகை உள்ளே திரும்பிய பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் பானை உட்காரும் விளிம்பு. பழைய திறந்த அடுப்பில் பானையைத் தாங்க மூன்று குமிழ் இருக்கும், அந்த இடுக்கு வழியாகத்தான் புகை வெளியேறும். புகைபோக்கி அடுப்பிலும் பழக்கதோஷத்தில் அதையே வைத்துக் கட்டிவிடுகிறார்கள். இடுக்கு இருந்தால் குழாய் நெருப்பை விட்டுவிட்டு அறைக் காற்றை இழுக்கும், குழாயும் ஆறிப்போகும். குமிழைத் தட்டி எடுத்துவிட்டு, களிமண்ணும் சலித்த சாம்பலும் குழைத்து, பானை அடி பொருந்துகிற மாதிரி வளையம் பூசுங்கள். கொடியில் பானை இல்லாத நேரம் ஒரு தட்டைக் கவிழ்த்து மூட மறக்காதீர்கள்.

குழாய் உயரத்தை இரட்டிப்பாக்கினால் புகை ஓட்டம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். அதனால் நீட்டுவதற்கு முன்னால் முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரையைவிட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கொல்லையில் தென்னை நெருங்கி நின்றால், காற்றடிக்கும்போது புகை கீழே அழுந்தும். முனையை மரத்திலிருந்து தள்ளி வைப்பதுதான் வழி. வளைவு தவிர்க்க முடியாவிட்டால் 90 டிகிரி ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போடுங்கள். கீற்றுக் கூரைக்குள் குழாயை ஏற்றவே கூடாது. சுவர் வழியாக வெளியே எடுத்து, கூரையை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்த வேண்டும். வெளிக்குழாய் சீக்கிரம் ஆறும்தான், ஆனாலும் வீடு எரிவதைவிட அது தேவலாம்.

ஆடிக் காற்றில் இதற்கு நேர்மாறான தொல்லை. இழுவை மிஞ்சி, தீ பானையில் தங்காமல் குழாய்க்குள் ஓடும், விறகு மடமடவென்று தீரும். குழாய் அடியில் ஒரு தகடு செருகிப் பாதி மறையுங்கள். தணல் இருக்கும்வரை முழுசாக மூடக் கூடாது, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும்.

4 அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் வழியில் 44 சதவீதம் அடைபட்டுவிடும். கயிற்றில் கல்லும் சாக்குச் சுருளும் கட்டி மேலிருந்து இறக்கி இழுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் தகரக் குழாயில் முதலில் அரிப்பது மேல்தொப்பி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த மாதிரிக் காற்றடித்தால் அது நிற்காது. மாற்றும்போது தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே 3 அங்குலம் இடைவெளி விடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் ரம்பம் போட்டு அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.