மொட்டை மாடியில் அவ்வளவு வெயில், லிஃப்ட் மட்டும் ஓடவில்லை

வேளச்சேரியில் எங்கள் ஃபிளாட் கட்டடத்துக்கு 5 கிலோவாட் சோலார் போட்டாயிற்று என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடும், இனி கரன்ட் போனாலும் கவலை இல்லை என்று விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் ஊரில் இருந்தபோது மாதாந்திர ஷட்டவுன் வந்தது. வழக்கம்போல காலை 9 முதல் மதியம் 2 வரை. சோலார்தான் இருக்கிறதே என்று கட்டடத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

காய்கறி வாங்கப் போன அம்மா பதினொன்றரை மணிவாக்கில் திரும்பினார். லிஃப்ட் செத்துக் கிடந்தது. வீடு மூன்றாவது மாடி, அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. முதல் மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பையைத் தூக்கிக்கொள்ள, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். அவரை வீட்டில் விட்டுவிட்டு நேரே மொட்டை மாடிக்குப் போனேன். சோலார் தகடுகளின் அலுமினியச் சட்டத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வெயில். தகடுகளின் கரன்ட்டைக் கட்டடத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும், சுவரில் மாட்டியிருந்த சோலார் இன்வெர்ட்டரிலோ சிவப்பு விளக்கு. உற்பத்தி பூஜ்யம்.

விற்ற கம்பெனிக்கு போன் செய்தால் புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. தெருமுனை எலக்ட்ரீஷியன்தான் வந்து பார்த்தார். "இது ரிப்பேர் இல்ல சார். ஆன்கிரிட் மெஷின், அதாவது தெரு லைனோட சேர்ந்து ஓடுறது, இப்படித்தான். லைன்ல கரன்ட் இல்லன்னா தானா நின்னுடும். வெளியே கம்பத்துல ஆள் ஏறியிருப்பான். இங்கேருந்து கரன்ட் திரும்பிப் போச்சுன்னா அவன் உயிருக்கே ஆபத்து."

அந்த விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்பத்தில் ஏறுகிறவரின் உயிர்தான் முக்கியம். ஆனால் இதைச் சொல்லாமல், வயதானவர்கள் நிறைந்த கட்டடத்தில் ‘கரன்ட் போனாலும் கவலை இல்லை’ என்று விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் இப்போது வசிக்கும் ஸ்டுட்கார்ட்டில் என் பால்கனிக் கம்பியிலும் இரண்டு தகடுகள் தொங்குகின்றன. ஜெர்மனியில் 800 வாட் வரை இப்படி மாட்டிக்கொள்ளலாம், வாடகைக்கு இருப்பவர் கேட்டாலும் வீட்டுக்காரர் சும்மா மறுக்க முடியாது. லைன் போனால் அதுவும் நின்றுவிடும். ஆனால் அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 12 நிமிடம் அளவில்தான் மின்தடை, அதனால் யாருக்கும் அது உறைப்பதில்லை. அங்கே சரியாக இருக்கும் பொருளை அப்படியே வேளச்சேரியில் கொண்டுவந்து மாட்டினால் எப்படி?

2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரன்ட் நிறுத்தினார்கள், நினைவிருக்கும். இரவு நேரத்தில் போனால் தெருவே மொட்டை மாடிக்கு வந்துவிடும், பாயும் விசிறியும் பேச்சுமாக. அப்போதுதான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். பேட்டரியும் வந்தன. அந்தப் பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட், அதிலும் பாதிக்கு மேல் இழுத்தால் ஆயுள் போய்விடும். இரண்டு ஃபேனுக்குப் போதும், லிஃப்டுக்குப் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் தரைத்தளமெல்லாம் தண்ணீர். முதல் இரவிலேயே பேட்டரிகள் தீர்ந்தன, சார்ஜ் போட வழி இல்லை என்று அம்மா சொல்வார். சோலாரும் பேட்டரியும் சேர்ந்திருக்க வேண்டியது இந்த மாதிரி நாளுக்குத்தான்.

அப்புறம் வந்தார் எங்கள் பழைய பேட்டரிக்காரர். டிஸ்டில்டு வாட்டர் கேனோடு வந்துபோன அதே மனிதர், இப்போது லித்தியம் பேட்டரி வேலையும் செய்கிறார். கூப்பிட்ட அன்று மாலையே வந்துவிட்டார். லிஃப்டைக் காலியாக ஒரு முறை, நாலு பேரை ஏற்றி ஒரு முறை ஓடவிட்டு, கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி மூன்று ஃபேஸிலும் எத்தனை ஆம்பியர் என்று அட்டைத் துண்டில் எழுதிக்கொண்டார். லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும் அந்த ஒரு நொடிக்காக மூன்றாம் முறையும் ஓடவிட்டார். காபி மட்டும் குடித்தார், பணம் வாங்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், வண்டியில் வந்து போனதற்கே தனி பில் வரும்.

அவர் சொன்னது இது. தகடுகளைத் தொட வேண்டாம், இன்வெர்ட்டரை மட்டும் த்ரீ ஃபேஸ் ஹைப்ரிடாக மாற்றி, 10 யூனிட் லித்தியம் பேட்டரி வைக்கலாம். லைன் போனதும் அது முதலில் கட்டடத்தைத் தெருக் கம்பியிலிருந்து பிரித்துவிடும், பிறகு பேட்டரியிலும் வெயிலிலும் தனியாக ஓட்டும். கம்பத்தில் இருப்பவருக்கும் ஆபத்து இல்லை. 5 கிலோவாட் தகடு சென்னையில் நாளுக்குச் சுமார் 20 யூனிட் தரும், லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் தாராளம். தண்ணீர் மோட்டாரை அதில் சேர்க்காதீர்கள், கரன்ட் இருக்கும்போதே மேல் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார்.

செலவுதான் இடிக்கிறது. பிரதமரின் சூரியகர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கத்தின் பொது இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது தகடுகளுக்கான கணக்கு, பேட்டரிக்கு எதுவும் கிடையாது. மின்தடை உள்ள ஊரில் பேட்டரியைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தகராறு இடம். படிக்கட்டுக்கு அடியில் வைத்தால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். மொட்டை மாடி அறையில் வைத்தால் கோடைச் சூடு லித்தியத்துக்கு ஆகாது. முதல் மாடித் திருப்பத்தில் காற்றோட்டம் இருக்கிறது, ஆனால் தன் வாசலுக்கு எதிரே பேட்டரி வேண்டாம் என்கிறார் அந்த வீட்டு மாமா. தீப்பிடிக்குமோ என்ற அவர் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. பேட்டரிக்காரரையே சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, மாமாவின் கேள்விகளுக்கெல்லாம் நேரில் பதில் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.