பூ அழுத்தும் மரப்பலகை: வாங்கலாமா?

இரண்டு பிளைவுட் பலகை, நாலு மூலையிலும் கையால் முறுக்கும் திருகு, நடுவில் அட்டையும் உறிஞ்சுதாளும். பூவைத் தட்டையாகக் காயவைக்க ஆன்லைனில் வாங்கிய பூ அழுத்தும் கருவி இவ்வளவுதான். தடிப் புத்தகத்துக்குள் வைத்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். போதும்தான். ஆனால் இதில் அழுத்தம் எங்கும் சமமாக விழுவதால் இதழ் சுருங்குவதில்லை.

எங்கள் மாடித் தோட்டத்துக் காகிதப்பூவுக்கு முழு மதிப்பெண். அதன் நிறம் பூவில் இல்லை, பூவைச் சுற்றியுள்ள மெல்லிய இலையில்தான் இருக்கிறது; அதில் ஈரம் குறைவு என்பதால் சீக்கிரம் காய்கிறது. சங்குப்பூவும் நீலம் மாறாமல் வந்தது. செம்பருத்தி கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொண்டது. மல்லிகை பழுப்பாகிவிடும், அதைத் தலையில் வைத்துக்கொள்வதே மேல். வாடாமல்லிக்குப் பலகையே வேண்டாம், தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும்.

உடன் வந்த உறிஞ்சுதாள் படுமட்டம். பழைய செய்தித்தாளை வெட்டி, மை ஒட்டாமல் இருக்க மேலே டிஷ்யூ பேப்பர் போட்டு, முதல் வாரம் தினமும் மாற்றுகிறேன்; இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒட்டினால் வாழ்த்து அட்டை, புக்மார்க் எல்லாம் தயார். ஏ4 அளவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். என்னுடைய சின்னப் பலகையில் கொன்றைச் சரம் நுழையாது.